பூட்டின வீட்டில் டேட்டாவைத் தின்றது யார்? செட்டிநாட்டில் புதிதாக நெட் போட்டவர்களுக்கு

பள்ளத்தூரில் ஒரு பெரிய வீடு. கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படையல் போடும் சடங்கு) என்று ஏதாவது வந்தால்தான் திறப்பார்கள். மற்ற நாளெல்லாம் பூட்டுதான். வீட்டுக்காரர் சென்னையில் இருக்கிறார். காவலுக்கு இருக்கும் பெரியவர் கையில் பட்டன் போன். கேமராவைச் சென்னையிலிருந்து பார்க்க வேண்டும் என்பதற்காகவே மொட்டைமாடியில் டப்பா வைத்து, மாதம் 1,000 ஜிபி என்று டவர் வழி நெட் போட்டிருந்தார்கள். மாதாமாதம் 23, 24 தேதி வாக்கில் வேகம் படுத்துவிடும். கேமரா படம் அப்படியே உறைந்து நிற்கும்.

"ஆளே இல்லாத வீட்ல ஆயிரம் ஜிபி எப்படிப்பா தீரும்? கம்பெனிக்காரன் மீட்டர்ல சூடு வைக்கிறான்" என்று போனில் ஒரே சத்தம்.

சூடெல்லாம் வைக்கவில்லை. நாலு கேமராவும் ராத்திரி பகலாகப் படத்தை வெளியே ஏற்றிக்கொண்டே இருந்தன. ஒரு கேமரா 1 எம்பிபிஎஸ் வேகத்தில் அனுப்பினால் மணிக்கு 450 எம்பி (இந்தக் கணக்கின் சூட்சுமம் படி 2இல்). ஒரு நாளைக்கு 10.8 ஜிபி. நாலுக்கும் சேர்த்து 43.2 ஜிபி. ஆயிரத்தை அதால் வகுத்துப் பாருங்கள், 23 நாள் வரும்.

நான் காரைக்குடியில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன். எந்த நெட் கம்பெனிக்கும் ஏஜென்ட் இல்லை, அவர்களுக்கு வக்காலத்து வாங்கவும் வரவில்லை. நெட் போட்ட இரண்டு மூன்று மாதத்தில் எல்லோரும் ஒரே கோபத்தோடு வருகிறார்கள்: "அன்லிமிடெட்னு சொன்னாங்க, இப்ப சுத்திக்கிட்டே இருக்கு." அந்தக் கோபத்தில் பாதி நியாயமானது. மீதிப் பாதிக்குக் காரணம் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கும். எது எந்தப் பாதி என்று தெரியாமல் கம்பெனிக்குப் போன் போட்டால், "மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்பதோடு கதை முடிந்துவிடும்.

படி 1: பணம் கட்டும் முன் நாலு விஷயம் கேளுங்கள்

மாதத்துக்கு எத்தனை ஜிபி? அதுவரை என்ன வேகம்? அது தீர்ந்தபின் என்ன வேகம்? கணக்கு மறுபடி பூஜ்யத்துக்கு வரும் தேதி எது? நாலுக்கும் பதில் வாங்கி, திட்டத்தின் பெயரோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கணக்கு எழுதுவதை நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. பர்மாவில் கடை வைத்திருந்த காலத்திலேயே சிட்டையும் பேரேடும் ஐந்தொகையும் போட்ட ஊர் இது.

"அன்லிமிடெட்" என்ற சொல்லுக்கு இங்கே ஒரே அர்த்தம்தான்: இணைப்பை அறுக்க மாட்டார்கள். வேகத்தை அறுப்பார்கள். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் எஃப்யுபி, அதாவது நியாயப் பயன்பாட்டுக் கொள்கை. வீட்டுக்கு வரும் ஃபைபரில் பல திட்டங்களுக்கு வரம்பு மாதம் 3,300 ஜிபி. அதாவது நாளுக்கு 110 ஜிபி. சாதாரணக் குடும்பம் முக்கினாலும் தீராது. மாடியில் டப்பா வைத்து டவரிலிருந்து எடுக்கும் இணைப்பில் 1,000 ஜிபி என்று வைப்பதுண்டு. பள்ளத்தூர் வீட்டுக்கு நடந்தது அதுதான்.

ஆணையம் இதில் சும்மா இருக்கவில்லை. தொலைத்தொடர்பு ஆணையமான ட்ராய் 2016இலேயே சொல்லிவிட்டது: வரம்பு எவ்வளவு, அதற்குள் என்ன வேகம், தாண்டினால் என்ன வேகம் என்பதைத் திட்டத்தோடு சேர்த்தே தெரியப்படுத்த வேண்டும், பயன்பாடு 50, 90, 100 சதவீதத்தைத் தொடும்போது தகவல் அனுப்ப வேண்டும். அந்த மெசேஜ் நீங்கள் கொடுத்த நம்பருக்கோ மெயிலுக்கோதான் போகும். இங்கே பாதி வீடுகளில் கனெக்‌ஷன் வெளியூரில் இருக்கும் மகன் பெயரில் இருக்கிறது. அப்பத்தா நெட் சுத்துகிறது என்று புலம்பிக்கொண்டிருக்க, எச்சரிக்கை மெசேஜ் பெங்களூரில் யாரும் படிக்காமல் கிடக்கும். பதிவு நம்பர் வீட்டில் இருப்பவருடையதாக இருக்கட்டும்.

படி 2: எம்பிக்கும் எம்பிபிஎஸ்ஸுக்கும் வித்தியாசம்

எம்பிபிஎஸ் என்றதும், "ஏந் தம்பி, நெட்டு போடவும் டாக்டருக்குப் படிச்சிருக்கணுமா?" என்று கோட்டையூரில் ஓர் ஆச்சி கேட்டார். கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

எம்பிபிஎஸ் என்பது வேகம், அதுவும் பிட்டில் சொல்லப்படும் வேகம். எம்பி, ஜிபி எல்லாம் அளவு, பைட்டில் சொல்லப்படுவது. 8 பிட் சேர்ந்தால் 1 பைட். ஆகவே 100 எம்பிபிஎஸ் கனெக்‌ஷனில் ஒரு படத்தை இறக்கினால் திரையில் நொடிக்கு 12.5 எம்பி வரைதான் காட்டும். "நூறு சொல்லிட்டு பன்னெண்டுதான் தர்றான்" என்று சண்டைக்குப் போகாதீர்கள். நானே ஒரு தடவை போய் அவமானப்பட்டிருக்கிறேன்.

படி 3: மொபைல் டேட்டாவின் கணக்கு வேறு

நாளுக்கு 1.5 ஜிபி, 2 ஜிபி என்ற பேக்குகளில் அளவு தீர்ந்ததும் பல கம்பெனிகளில் வேகம் 64 கேபிபிஎஸ் ஆகும். நொடிக்கு 8 கேபி. வாட்ஸாப்பில் 3 எம்பி போட்டோ ஒன்று இறங்க ஆறு நிமிஷத்துக்கு மேல். கேஸ் சிலிண்டர் பதிவு செய்வதும் டிக்கெட் எடுப்பதும் அந்த வேகத்தில் நடக்காது. ராத்திரி 12 மணிக்கு மறுபடி உயிர் வரும். மாலை ஏழு மணிக்கே நெட் படுத்து, நள்ளிரவு தாண்டி எழுந்தால் அது டவர் கோளாறு இல்லை. உங்கள் பேக் தீர்ந்திருக்கிறது.

இன்னொரு பொறி 5ஜி. சில பேக்குகளில் 5ஜி வரம்பில்லாமல் தருகிறார்கள். போன் 4ஜிக்கு இறங்கினால் அந்த நேரம் ஓடுவதெல்லாம் நாள் கணக்கில்தான் கழியும். காரைக்குடி டவுனில் வீடியோ பார்த்தபடி பஸ் ஏறி, கிராமத்துப் பக்கம் போகப் போக மேலே 4ஜி என்று மாறுவதைக் கவனிக்காவிட்டால், ஊர் போய்ச் சேர்வதற்குள் 2 ஜிபி காலி.

28 நாள் பேக் என்றால் வருஷத்துக்கு 12 இல்லை, 13 ரீசார்ஜ். விலையை ஒப்பிடும்போது ஒரு நாளைக்கு என்ன விழுகிறது என்று வகுத்துப் பாருங்கள். 30 நாள் பேக் ஒன்றாவது ஒவ்வொரு கம்பெனியும் வைத்திருக்க வேண்டும் என்று 2022இல் ட்ராய் உத்தரவு போட்டது. கடைக்காரர் அதைத் தானாகச் சொல்ல மாட்டார், கேட்டால் எடுத்துத் தருவார்.

படி 4: திருடனைக் கண்டுபிடியுங்கள்

வேகம் குறைவதற்கு நாலு காரணம் இருக்கலாம். மருந்து ஒவ்வொன்றுக்கும் வேறு. ஒரு லேப்டாப்பை மோடத்தோடு லேன் வயரால் இணைத்து, மற்றவர்கள் எல்லோரையும் வைஃபையிலிருந்து விலகச் சொல்லி, வேகத்தை அளந்து பாருங்கள். ட்ராயின் மைஸ்பீட் செயலியில் போனிலேயே அளக்கலாம். மோடத்துக்குப் பக்கத்தில் நின்று அளக்க வேண்டும். காலை 6 மணி, மத்தியானம் 3 மணி, ராத்திரி 9 மணி என்று மூன்று வேளை, ஒரு வாரம். அளந்ததை நோட்டில் எழுதுங்கள்.

மூன்று வேளையும் ஒரே எண்ணில் ஆணி அடித்தாற்போல் நின்றால், உதாரணமாக எப்போது பார்த்தாலும் 2 எம்பிபிஎஸ், அது வரம்பு தீர்ந்து இறக்கப்பட்ட வேகம். லைன் கோளாறு இப்படி ஒழுங்காக நடந்துகொள்ளாது. கம்பெனி செயலியில் பயன்பாட்டைப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

காலையில் நன்றாக ஓடி ராத்திரி மட்டும் சரிந்தால் நெரிசல். ஃபைபர் உங்கள் வீட்டுக்கென்று தனியாக வருவதில்லை. தெருவில் ஒரே இழையை 32 வீடு, 64 வீடு என்று பிரித்திருப்பார்கள். எல்லோரும் சாப்பிட்டு முடித்து ஒரே நேரத்தில் டிவி முன்னால் உட்கார்ந்தால் பங்கு குறையத்தான் செய்யும். ஓரளவு குறைவது சகஜம். 100 வாங்கிய இடத்தில் ராத்திரி 70 என்றால் விட்டுவிடலாம். தினமும் 5, 6 என்று நின்றால் தெருவில் அளவுக்கு மீறி இணைப்பு கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கம்பெனியோடு சண்டை போட வேண்டிய இடம் இதுதான்.

100க்கு மேல் திட்டம் எடுத்தும் வயரில் 95ஐத் தாண்டவில்லையா? பழைய ரவுட்டரின் போர்ட் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் தாங்காது. லேன் வயரில் எட்டு இழைக்கு நாலுதான் ஒழுங்காகப் பொருந்தியிருந்தாலும் இதே கதி. வயரை மாற்றிப் பாருங்கள்.

மோடத்துக்குப் பக்கத்தில் நன்றாக இருந்து உள்ளே போனால் படுத்தால், குற்றவாளி இந்த வீட்டைக் கட்டிய நம் கொள்ளுத்தாத்தா. அவருக்கு ஒரு தனிப் படி.

படி 5: செட்டிநாட்டு வீடும் வைஃபையும்

கேபிள்காரர் எங்கே பெட்டியை வைப்பார்? முகப்பில், கரண்டு மீட்டருக்குப் பக்கத்தில். அவருக்கு வேலை சுலபம். நம் வீடுகளோ இந்தத் தெருவில் வாசலும் அடுத்த தெருவில் புழக்கடையுமாக நீளும். நடுவே செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய தடித்த சுவர்கள், பர்மாத் தேக்குக் கதவுகள். வைஃபை அலைக்கு ஒரு சுவரே பெரும்பாடு; இரண்டாம் கட்டு தாண்டி அடுப்படிக்குப் போவதற்குள் அது செத்துவிடும். முகப்பில் 90 காட்டிய போன் இரண்டாம் கட்டில் 4 காட்டியதை நான் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டில் அதற்குள் இரண்டு தடவை பெரிய திட்டத்துக்கு மாறியிருந்தார்கள். பணம்தான் போனது, சுவர் அங்கேயே நின்றது.

வளவுதான் இதற்கு வழி. வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தூண் வைத்த பட்டாலை, அதில் திறக்கும் அறைக் கதவுகள். ரவுட்டரை வளவில் ஒரு தூண் பக்கம், ஆள் உயரத்துக்கு மேலே வைத்தால் அலை முற்றத்துக் காலியிடம் வழியாகவே எதிர்ப்பக்க அறைகளுக்குப் போய்விடும். சுவரைத் துளைக்க வேண்டியதில்லை. மழைச்சாரல் படாத தூணாகப் பாருங்கள். ரவுட்டரில் இரண்டு அலைவரிசை இருக்கும்: 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் நின்றுவிடும், 2.4 மெதுவானது, கொஞ்சம் தாண்டும். வளவில் உட்காருபவர் 5இலும் அறைக்குள் இருப்பவர் 2.4இலும் சேரட்டும்.

இரண்டாம் கட்டுக்கும் வேண்டுமென்றால் முகப்பிலிருந்து லேன் வயர் இழுத்து அங்கே இன்னொரு ரவுட்டர் வையுங்கள். லேன் வயர் 100 மீட்டர் வரை தாங்கும். பெரும்பாலான வீடுகளுக்கு அது போதும். வயரை உத்தரத்தின் மேல்பக்கமாகக் கொண்டுபோகலாம். தயவுசெய்து செதுக்கு வேலை செய்த வாசல் நிலையில் டிரில் போட விடாதீர்கள். ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்த்து வயர் புதைத்த ஒரு புண்ணியவானும் இருக்கிறார், அந்த வீட்டைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

ஐப்பசி இடிமழையில் அடாப்டரைப் பிளக்கிலிருந்து பிடுங்கி வைப்பது நல்லது. ஃபைபர் கண்ணாடி, அதில் மின்சாரம் பாயாது. பெட்டி கருகுவது கரண்டு வழியாகத்தான்.

படி 6: டேட்டா ஓட்டைகளை அடையுங்கள்

முதலில் கேமரா. படத்தை வீட்டிலேயே இருக்கும் கேமராப் பதிவுப் பெட்டியின் ஹார்ட்டிஸ்கில் பதிந்தால் நெட் செலவு கிடையாது. வெளியூரிலிருந்து நீங்கள் திறந்து பார்க்கும் நேரத்துக்கு மட்டும் கழியும். எந்நேரமும் வெளியே ஏற்றும் அமைப்பை நிறுத்திவிட்டு, ஆள் நடமாட்டம் இருந்தால் மட்டும் ஏற்று என்று மாற்றுங்கள். போனில் பார்ப்பதற்கு என்று தரம் குறைந்த இரண்டாவது ஓட்டம் ஒன்று பெரும்பாலான பெட்டிகளில் இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். பள்ளத்தூரில் இதைச் செய்ய அரை மணி நேரம் ஆனது. வேப்பமரம் அசைவதை எல்லாம் திருடன் என்று எண்ணி அனுப்பிக்கொண்டிருந்ததால், மரம் தெரியும் பக்கத்தை மறைக்க இன்னொரு அரை மணி.

அடுத்தது வீடியோ. ஒரு மணி நேரப் படம் சாதாரணத் தரத்தில் 1 ஜிபிக்குள் அடங்கும். எச்டியில் 3 ஜிபி வரை, 4கேயில் 7 ஜிபி வரை போகும். ஆறங்குலப் போன் திரைக்கு எச்டி எதற்கு? யூடியூப் அமைப்பில் வீடியோ தரம் என்ற இடத்தில் மொபைல் டேட்டாவுக்கு மட்டும் டேட்டா சேவரை வைத்துவிடுங்கள். வாட்ஸாப்பில் சேமிப்பும் டேட்டாவும் என்ற பகுதிக்குப் போய் மொபைல் டேட்டாவில் தானாக இறங்குவதை எல்லாம் நிறுத்துங்கள். காலை வணக்கப் பூங்கொத்துகளும் குலதெய்வக் கோயில் வீடியோக்களும் வைஃபை கிடைத்தபின் இறங்கட்டும். பிளே ஸ்டோர் புதுப்பிப்பு, போட்டோ பேக்கப் இரண்டுக்கும் வைஃபை மட்டும் என்று வையுங்கள். போன் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப் ஓட்டுபவர்கள் விண்டோஸில் அந்த இணைப்பை மீட்டர் போட்டது என்று குறிக்க மறக்கக் கூடாது. மறந்தால் விண்டோஸ் அப்டேட் ஒரே மூச்சில் நாள் முழுதுக்கான டேட்டாவையும் குடித்துவிடும்.

பங்காளிகள் பல புள்ளியாக (தனித்தனிக் குடும்பமாக) ஒரே வீட்டில் இருந்து ஒரே கனெக்‌ஷனைப் பகிர்ந்தால், பாஸ்வேர்டு யார் யாரிடம் போயிருக்கிறது என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். படைப்புக்கு வந்து போன நாற்பது பேர் போனிலும் அது இருக்கும். விசேஷத்துக்கு முன் விருந்தினர் வைஃபை என்று தனிப் பெயரில் ஒன்று திறந்து, முடிந்ததும் அதை மட்டும் மூடிவிடுங்கள். யாரும் மனம் கோண மாட்டார்கள்.

படி 7: புகார், முறைப்படி

இவ்வளவும் பார்த்தபின்னும் தவறு கம்பெனி பக்கம் என்றால், கையில் நோட்டோடு கிளம்புங்கள். கேபிள்காரரிடம் வாய்வார்த்தையாகச் சொல்வது புகார் ஆகாது. அவர் நல்லவர்தான், ஆனால் அவர் மறந்தால் உங்களிடம் எந்த ஆதாரமும் இல்லை. என் வீட்டு லைனுக்கு நான் மூன்று தடவை "நெட் ஸ்லோ" என்று சொல்லி மூன்று தடவையும் "சரியாகிவிட்டது" என்று தாங்களாகவே மூடிவிட்டார்கள். நாலாவது தடவை ஏழு நாள் அளவை எழுதி அனுப்பினேன். மறுநாள் ஆள் வந்து தெருப் பெட்டியில் இணைப்பை மாற்றிக் கொடுத்தார். நான் எழுதியது ஏறக்குறைய இதுதான், அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

"என் இணைப்பு எண் இன்னது. திட்டம் 100 எம்பிபிஎஸ், 3,300 ஜிபி. இந்த மாதம் இன்றுவரை பயன்பாடு இத்தனை ஜிபி, வரம்பு தாண்டவில்லை. மோடத்தில் நேரடியாக வயர் போட்டு அளந்த ஏழு நாள் வேகம், தேதி நேரத்தோடு கீழே. காலையில் முழு வேகமும் இரவு 8 முதல் 11 வரை பத்தில் ஒரு பங்கும் வருகிறது. லைனையும் தெருப் பெட்டியையும் சோதித்துச் சரிசெய்யவும். புகார் எண்ணை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பவும்."

மொபைலுக்குப் புகார் எண் 198. எந்த வழியில் சொன்னாலும் புகார் எண் இல்லாமல் போனை வைக்காதீர்கள். தீர்வு திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ட்ராய்க்குக் கடிதம் எழுதிப் பயனில்லை, தனிநபர் புகாரை அவர்கள் விசாரிப்பதில்லை.

அதற்கும் மசியவில்லை என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். கடைசியாக சிவகங்கையில் மாவட்ட நுகர்வோர் ஆணையம். "தொலைத்தொடர்பு வழக்கு அங்கே செல்லாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் செல்லும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. 5 லட்சம் ரூபாய் வரைக்குமான வழக்குக்குக் கட்டணமும் இல்லை.

ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். வரம்பு தீர்ந்தபின் எல்லாவற்றையும் ஒரே மாதிரி மெதுவாக்குவது திட்டத்தில் எழுதியிருந்தால் சட்டப்படி சரி. வரம்பு இருக்கும்போதே ஒரு குறிப்பிட்ட செயலியை மட்டும் மெதுவாக்கினால் அது வேறு விவகாரம். இணையச் சமநிலை விதிகளை 2018இல் அரசு ஏற்றுக்கொண்டிருக்கிறது, அப்படிப் பாரபட்சம் காட்டக் கூடாது. அகலப்பட்டை என்று சொல்லிக்கொள்ளக் குறைந்தது 2 எம்பிபிஎஸ் வேண்டும் என்று 2023 ஜனவரியில் வரையறையையும் உயர்த்தியிருக்கிறார்கள். அதற்குமுன் 512 கேபிபிஎஸ்தான்.

படி 8: மாறுவதென்றால்

மொபைலில் நம்பரை வைத்துக்கொண்டே மாறலாம். போர்ட் என்ற ஆங்கிலச் சொல், ஓர் இடைவெளி, உங்கள் பத்து இலக்க நம்பர், இதை 1900க்கு எஸ்எம்எஸ் செய்தால் வரும் குறியீட்டோடு புதுக் கம்பெனிக் கடைக்குப் போனால் போதும். அதற்கு முன் அந்தக் கம்பெனி சிம் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரை உங்கள் வளவில் உட்காரவைத்து வேகம் அளந்து பாருங்கள். திண்ணையில் அளந்தால் ஏமாந்துபோவீர்கள்.

வீட்டு ஃபைபரில் வருஷக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டச் சொல்லி ஆசை காட்டுவார்கள். முதல் தடவை ஒரு மாதம் மட்டும் கட்டுங்கள். பழைய இணைப்பை நிறுத்தும்போது எழுத்தில் கொடுத்து, முன்பணம் கட்டியிருந்தால் திரும்பக் கேளுங்கள். பெட்டியைக் கொண்டுபோகும் ஆளிடம் அதன் பின்பக்க எண்ணோடு ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாமல் கொடுத்த வீடுகளுக்கு ஆறு மாதம் கழித்துப் பெட்டிக்குப் பணம் கேட்டு மெசேஜ் வந்ததுண்டு. கொண்டுபோன பையன் அதற்குள் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருப்பான்.